செருப்புப் பெட்டி ஏ.டி.எம்.

தண்டையார்பேட்டையில், திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில், மாடியில் இருக்கும் சின்ன கம்ப்யூட்டர் சென்டரில் நான் ஜாவா என்ற புரோகிராம் மொழியைச் சொல்லிக் கொடுக்கிறேன். தை மாதம் நெருங்கினாலே பி.சி.ஏ. கடைசி வருஷப் பிள்ளைகள் புராஜெக்ட்டுக்கு வந்து நிற்பார்கள். அதில் சிலராவது கேட்பது ஏ.டி.எம். சிமுலேஷன், அதாவது ஏ.டி.எம். மாதிரியே நடந்துகொள்ளும் ஒரு புரோகிராம். நானும் கல்லூரியில் அதைத்தான் செய்தேன். ஒரு ஃபார்ம், நடுவில் 'பின் நம்பர்' என்று ஒரு லேபிள், பக்கத்தில் ஒரு டெக்ஸ்ட் பாக்ஸ், கீழே 'சப்மிட்'. அடுத்த ஃபார்மில் டெபாசிட், வித்டிராயல், பேலன்ஸ். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) மார்க் வந்துவிடும். அதே அமைப்பைத்தான் பல வருஷம் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்தேன்.

அது ஏ.டி.எம்மே இல்லை, கணக்கு வழக்கைச் செய்யத் தெரிந்த ஒரு விண்ணப்பப் படிவம் என்று எனக்குப் புரியவைத்தவர் காசிமேட்டில் மீன் விற்கும் ஓர் அம்மா. பேரனைக் கூட்டிக்கொண்டு போக சாயந்திரம் மாடி ஏறி வருவார். ஒரு நாள் ஒரு பையனின் திரையில் ஏ.டி.எம். படத்தைப் பார்த்துவிட்டு, "இது துட்டு எடுக்கிற மெஷினா கண்ணு? எனக்குக் கத்துக் குடேன்" என்றார்.

அவரிடம் கார்டு இருக்கிறது. மகளிர் குழுக் கடன் பணம் அந்தக் கணக்கில்தான் வருகிறது. ஆனால் எடுப்பது பக்கத்து வீட்டுப் பையன். ரகசிய எண் கார்டு உறையிலேயே பேனாவால் எழுதியிருந்தது. ஒரு தடவை ஐந்நூறு ரூபாய் குறைந்த மாதிரி இருந்ததாம். "கேட்டா அவன் மனசு கஷ்டப்படும், கேக்காட்டி என் வயிறு எரியுது" என்றார். அதற்கு மேல் நான் எதுவும் விசாரிக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன்.

என் பழைய புரோகிராமைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். மவுஸை அவர் தொடவே இல்லை. திரையைப் பார்த்தார், பிறகு திரைக்கு இரண்டு பக்கமும் பார்த்தார். "கார்டை எங்க சொருகுறது?" என்றார். என் திரையில் அதற்கு இடமே இல்லை. கார்டு நம்பரை டைப் செய்யும் பெட்டிதான் இருந்தது. தெருவில் நிற்கும் மெஷினில் யாரும் கார்டு நம்பரை டைப் செய்வதில்லை. முதல் திரையிலேயே நான் வேறு ஏதோ ஒரு மெஷினைச் செய்து வைத்திருந்தேன்.

அன்றைக்கே எழுந்து போய் நெடுஞ்சாலையில் இருக்கிற நாலைந்து ஏ.டி.எம்.களைப் பார்த்தேன். உள்ளே ஆள் இருக்கும்போது போகவில்லை, படமும் எடுக்கவில்லை. என் கார்டைப் போட்டு ஒவ்வொரு திரையும் எந்த வரிசையில் வருகிறது என்று நோட்டில் எழுதினேன். புராஜெக்ட் செய்கிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இப்போது இதுதான்: புரோகிராம் எழுதும் முன்னால் மெஷின் முன்னால் போய் நில்லுங்கள். நடுவில் திரை. இடப்பக்கம் நாலு, வலப்பக்கம் நாலு என்று எட்டு பட்டன்கள். கீழே எண் பலகை, அதில் கேன்சல் சிவப்பு, கிளியர் மஞ்சள், என்டர் பச்சை. கார்டு போகும் வாய் ஒரு இடம், ரசீது வரும் இடம் வேறு, பணம் வரும் இடம் வேறு. கண்ணும் கையும் இத்தனை இடத்துக்கு அலைகின்றன. நம் திரை வடிவமைப்பு என்பது அந்த அலைச்சலை வரிசைப்படுத்துவதுதான்.

திரும்பி வந்து என் புரோகிராமின் ஜன்னலை (விண்டோவை) மூன்றாகப் பிரித்தேன். நடுவில் மெஷினின் திரை, இரண்டு ஓரத்திலும் நாலு நாலு பட்டன். இந்த எட்டும் மெஷினின் உடம்பு, அவை மாறவே கூடாது. நடுத்திரை மட்டும் மாற வேண்டும். ஜாவாவில் திரை அமைக்க உதவும் ஸ்விங்கில் இதற்கு கார்டுலேஅவுட் என்ற அமைப்பு அருமையாகப் பொருந்துகிறது. சீட்டுக்கட்டு மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகத் திரைகளை அடுக்கி, எது வேண்டுமோ அதை மேலே கொண்டு வரலாம். ஒவ்வொரு திரைக்கும் புதிதாக ஒரு ஜன்னல் திறப்பதுதான் பிள்ளைகள் செய்கிற பெரிய தவறு. ஜன்னல் மூடித் திறக்கும்போது ஓரத்துப் பட்டன்களும் ஒரு கணம் மறைந்து வரும். புதிதாகக் கற்பவருக்கு, மெஷினே போய் வேறு மெஷின் வந்த மாதிரி இருக்கும்.

லேஅவுட்டை நல் (null, அதாவது ஒன்றுமில்லை) என்று வைத்து, ஒவ்வொரு பட்டனுக்கும் புள்ளி எண்ணி இடம் கொடுப்பதையும் விட்டேன். என் லேப்டாப் திரை 1366×768 புள்ளி. சென்டரில் இருக்கும் பழைய மானிட்டர் 1024×768. அதில் ஓடவிட்டபோது வலப்பக்கத்து நாலு பட்டனும் திரைக்கு வெளியே போய்விட்டன. கட்டம் பிரித்து அடுக்கும் கிரிட்பேக் லேஅவுட் எழுத எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் எந்தத் திரையிலும் பட்டன் அந்தந்த வாசகத்துக்கு நேராக நிற்கும். நேராக நிற்பது அலங்காரம் இல்லை. நிஜ மெஷினில் எழுத்துக்கும் பட்டனுக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கும். கொஞ்சம் குள்ளமானவர் கீழிருந்து பார்த்தால் 'பணம் எடுக்க' என்பதற்கு நேராக அதன் பட்டனுக்குப் பதில் அதற்குக் கீழே உள்ள பட்டன் தெரியும். அதனால் ஒவ்வொரு வாசகத்திலிருந்தும் அதன் பட்டன் வரைக்கும் ஒரு கோடு இழுத்தேன்.

அப்புறம் தமிழ். ஆங்கிலத்தில் 'வித்டிராயல்' ஒரே சொல், சின்ன இடத்தில் அடங்கிவிடும். தமிழில் 'இருப்புத் தொகை விசாரணை' என்று போட்டால் ஸ்விங் பட்டன் பாதியில் வெட்டி மூன்று புள்ளி வைத்துவிடும். எழுத்தைச் சின்னதாக்கினால் கு, கூ, ழு எல்லாம் ஒரே மாதிரித் தெரிகிறது. இடத்தைக் கூட்ட முடியாது, எழுத்தைக் குறைக்கவும் முடியாது என்றபோது வாசகத்தைத்தான் மாற்ற வேண்டியிருந்தது. 'பணம் எடுக்க', 'மீதி பார்க்க', 'ரகசிய எண் மாற்ற'. எழுத்து 28 புள்ளி, அடர் நீலத்தின் மேல் வெள்ளை. வரிக்கு மேலும் கீழும் இடம் தாராளமாக விட வேண்டும், இல்லாவிட்டால் 'கி' யின் மேல் வளைவும் 'கு' வின் கீழ் வளைவும் வெட்டுப்படும். எழுத்துருவையும் புரோகிராமோடு சேர்த்தே வைத்துவிடுங்கள். உங்கள் கம்ப்யூட்டரில் விண்டோஸோடு வரும் நிர்மலா எழுத்துரு இருக்கும், வைவா நடக்கும் லேபில் இல்லாமல் போனால் திரை முழுக்கக் கட்டம் கட்டமாக வரும். நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எழுத்துரு இலவசம், அதைச் சேர்க்கலாம்.

ஆனால் எல்லா வாசகத்தையும் நம் இஷ்டத்துக்கு எளிமையாக்கக் கூடாது என்பதும் அந்த அம்மாவால்தான் தெரிந்தது. கணக்கு வகை கேட்கும் திரை வந்தது. 'சேமிப்பு', 'நடப்பு' என்று இரண்டு. அவர் தயங்காமல் 'நடப்பு' என்பதை அழுத்தினார். ஏன் என்று கேட்டேன். "என் கணக்கு இப்ப நடக்குதுல்ல? சேமிப்புன்னா சேத்து வெக்கிறது. நான் எங்க சேத்து வெக்கிறேன், வந்தா எடுத்துடறேன்."

அவர் சொன்னதில் தமிழ்ப்படி ஒரு தவறும் இல்லை. வங்கிக்காரர்கள் வைத்த பெயர்தான் வியாபாரிகளின் கணக்குக்கு 'நடப்பு' என்று ஆகிவிட்டது. என் முதல் யோசனை, என் திரையில் அந்தக் கேள்வியையே எடுத்துவிடலாம் என்பது. இரண்டு நாள் யோசித்துவிட்டு வைத்துக்கொண்டேன். அவர் நாளைக்கு நிற்கப்போவது என் திரைக்கு முன்னால் இல்லை. அங்கே 'சேமிப்பு, நடப்பு' என்றுதான் கேட்கும். அதனால் பயிற்சித் திரையில் தடுமாற வைக்கும் சொல் அப்படியே இருக்கும், தவறாக அழுத்தினால் மட்டும் கீழே ஒரு வரி வரும்: 'நடப்பு என்பது கடைக்காரர், கம்பெனிகளுக்கு. உங்களுடையது சேமிப்பு.' மெயின் மெனுவிலும் 'மீதி பார்க்க' என்பதன் கீழே சின்னதாக 'இருப்பு' என்று சேர்த்தேன். கேன்சல், கிளியர், என்டர் மூன்றையும் தமிழாக்கவில்லை. நிஜ எண் பலகையில் அவை ஆங்கிலத்தில்தான் இருக்கும். நிறத்தை வைத்துப் பழகட்டும் என்று விட்டேன்.

எதை நிஜம் போலவே வைப்பது, எதில் உதவி செய்வது என்று ஒவ்வொரு திரைக்கும் உட்கார்ந்து யோசிப்பதுதான் இந்த வேலையின் பெரும்பகுதி. புரோகிராம் எழுதுவது அதற்கு அப்புறம்தான்.

மவுஸ் பிரச்சினைக்கு வருகிறேன். மாணவன் ஒருவனிடம் தொடுதிரை லேப்டாப் இருந்தது, அதைக் கடன் வாங்கினோம். ஓரத்துப் பட்டனைத் தொட்டாலும் சரி, எழுத்தைத் தொட்டாலும் சரி, வேலை செய்யும்படி வைத்தேன். இப்போது இரண்டு வகை மெஷினும் தெருவில் இருக்கிறது. எண்களுக்கு, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு யு.எஸ்.பி. எண் பலகை வாங்கி வந்தேன். ஒரு செருப்புப் பெட்டியின் மூடியில் அதைப் பதித்து, பக்கத்தில் கார்டுக்கு ஒரு கீறல், கீழே பணம் வர ஒரு வாய் வெட்டினோம். பெட்டிக்குப் பின்னால் ஒரு பையன் உட்கார்ந்து, திரை சொல்கிறபடி கார்டை உள்ளே இழுப்பான், வெளியே தள்ளுவான்.

முதல் நாள் ரகசிய எண் தப்புத் தப்பாகவே வந்தது. அவர் அழுத்துவது சரியாகத்தான் தெரிந்தது. கொஞ்ச நேரம் விரலையே பார்த்துக்கொண்டிருந்தபோது புரிந்தது. கால்குலேட்டரிலும் கம்ப்யூட்டர் எண் பலகையிலும் மேல் வரிசை 7, 8, 9. போனிலும் ஏ.டி.எம்மிலும் மேல் வரிசை 1, 2, 3. அவருக்குப் படித்துப் பார்த்து அழுத்தும் பழக்கம் இல்லை. போனில் பழகிய விரல் இடத்தை வைத்தே போகிறது, 1 என்று நினைத்து 7-ஐத் தொடுகிறது. பட்டன்கள் மேல் ஸ்டிக்கர் ஒட்டி, புரோகிராமில் மேல் வரிசையையும் கீழ் வரிசையையும் மாற்றிப் படிக்க வைத்தேன். பத்து வரி புரோகிராம். எண் பலகையின் நம்லாக் (Num Lock) விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறமும் நின்றார். "இன்னா கண்ணு, நான் நம்பர் போட்டா பூ பூவா வருது?" நமக்கு நட்சத்திரக் குறி என்றால் மறைப்பு. அவருக்கு அது தான் செய்த தவறுக்கு மெஷின் காட்டும் கோபம். நட்சத்திரத்தை எடுத்துவிட்டு நாலு காலிக் கட்டம் வைத்தேன். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு கட்டம் நிறையும், 'டிக்' என்று ஒரு சத்தம். எத்தனை போட்டோம், இன்னும் எத்தனை பாக்கி என்று கண்ணுக்குத் தெரிந்தது. கட்டத்துக்குக் கீழே 'பக்கத்தில் நிற்பவர் பார்க்காமல் இருக்க மறைத்திருக்கிறோம்' என்று எழுதினேன். அதற்கப்புறம் அவர் இடது கையை எண் பலகைமேல் குடை மாதிரிப் பிடிக்கத் தொடங்கினார். நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

நாலு இலக்கம் என்ற வழக்கத்துக்கே இப்படி ஒரு கதை உண்டு. 1967 ஜூன் 27 அன்று வடக்கு லண்டனில் என்ஃபீல்டில் பார்க்லேஸ் வங்கிக் கிளையில் முதல் பணம் தரும் மெஷின் வந்தது. அதன் பின்னால் இருந்த ஜான் ஷெப்பர்ட்-பாரன் நம் ஷில்லாங்கில் பிறந்தவர். முதலில் ஆறு இலக்கம் வைக்க நினைத்தாராம். சமையலறை மேசையில் மனைவியிடம் கேட்டபோது, தனக்கு நாலு இலக்கம்தான் நினைவில் நிற்கும் என்று அவர் சொல்ல, நாலாகக் குறைத்ததாகப் பின்னாளில் சொன்னார். வீட்டில் ஒருவரை உட்கார வைத்துக் கேட்டதன் பலனை ஐம்பது வருஷத்துக்கு மேலாக உலகமே அனுபவிக்கிறது.

இந்த இடத்தில் நான் ஒரு பெரிய தவறு செய்தேன். இரண்டாம் வாரம் குழுவைச் சேர்ந்த இன்னும் ஐந்து பெண்கள் வந்தார்கள். "உங்க நம்பரைப் போடுங்க" என்று திரை கேட்டது. அந்த அம்மா தன் உண்மையான எண்ணை, எல்லோர் முன்னாலும், வாயால் சொல்லிக்கொண்டே போட்டார். எனக்கு உடம்பு சில்லிட்டுப் போனது. அன்றே அவரைக் கூட்டிக்கொண்டு போய் எண்ணை மாற்ற வைத்தேன். அதிலிருந்து பயிற்சிக்கு அட்டை கார்டு, அதன் முகத்தில் பெரிதாக ஒரு பயிற்சி எண், வாராவாரம் வேறு எண். திரையும் 'அட்டையில் உள்ள எண்ணைப் போடுங்கள்' என்றே கேட்கும். மேலே 'இது பயிற்சி' என்ற மஞ்சள் பட்டை எல்லாத் திரையிலும் நிற்கும். எந்த வங்கியின் பெயரும் சின்னமும் வைக்கவில்லை. புராஜெக்ட்டில் வங்கி லோகோவை ஒட்டும் பிள்ளைகளுக்கும் இதைத்தான் சொல்கிறேன்: ரகசிய எண் கேட்கும் ஒரு திரையில் நிஜ வங்கியின் பெயர் இருந்தால், அது யார் கைக்குப் போகும் என்று நமக்குத் தெரியாது. ரூபாய் நோட்டும் அப்படியே. கலர் ஜெராக்ஸ் எடுத்துவிடாதீர்கள், அது குற்றம். சாம்பல், மஞ்சள், இளம் ஊதா காகிதத்தில் 500, 200, 100 என்று எண் மட்டும் எழுதினோம்.

என் முதல் வரிசையில் பணம் வந்து, அப்புறம் கார்டு வரும். ஆறு பேரில் நாலு பேர் பணத்தை எண்ணிக்கொண்டே எழுந்துவிட்டார்கள், கார்டு பெட்டிக்குள்ளேயே இருந்தது. வந்த காரியம் பணம். அது கைக்கு வந்ததும் மனசு வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறது. அதனால்தான் பல மெஷின்களில் கார்டை முதலில் எடுக்கச் சொல்லி, எடுத்த பிறகே பணம் தருகிறார்கள். வரிசையை மாற்றினேன். 'கார்டை எடுங்கள்' திரையில் வேறு ஒரு எழுத்தும் இல்லை, கார்டு வாயைக் காட்டும் ஒரு அம்புக்குறி மட்டும்.

இதைவிட மோசமான ஒன்று நான் எழுதிய புரோகிராமிலிருந்து வந்தது. 'தயவுசெய்து காத்திருக்கவும்' என்று காட்டுவதற்காக, புரோகிராமைத் தூங்க வைக்கும் திரெட்.ஸ்லீப் என்ற கட்டளையைப் போட்டு மூன்று விநாடி நிறுத்தியிருந்தேன். ஸ்விங்கில் அப்படி நிறுத்தினால் திரையே உறைந்துவிடும், அந்தக் காத்திருக்கும் வாசகம்கூட வரைந்து முடியாது. ஒன்றும் நடக்கவில்லையே என்று அந்த அம்மா அதே இடத்தை இன்னும் இரண்டு தடவை தொட்டார். அந்தத் தொடுதல்கள் காணாமல் போவதில்லை, வரிசையில் காத்திருக்கின்றன. மூன்று விநாடி முடிந்ததும் ஒன்று, 'வேறு சேவை வேண்டுமா?' திரையின் 'ஆம்' மேல் விழுந்தது. இன்னொன்று, மெனுவின் 'பணம் எடுக்க' மேல். மூன்றுமே வலப்பக்கத்து மூன்றாவது பட்டன். அவர் எதையும் கேட்காமலேயே மெஷின் மறுபடி பணம் எடுக்கத் தயாராகிவிட்டது.

அந்தத் தூக்கக் கட்டளையை எடுத்துவிட்டு, திரையை உறைய வைக்காத ஸ்விங் டைமர் போட்டேன், காத்திருக்கும்போது எட்டு பட்டனையும் செயலிழக்க வைத்தேன். அதோடு இடங்களையும் மாற்றினேன். 'வேண்டாம், போதும்' எப்போதும் இடப்பக்கம் கடைசி, எந்தத் திரையிலும் மாறாது. பணத்தைக் கழிக்கப்போகும் பட்டன் மட்டும் முந்தைய திரையில் விரல் இருந்த இடத்தில் வரவே கூடாது. ஒரே மாதிரி வை என்று பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறோம். கவனிக்க வேண்டிய இடத்தில் விரலை நகர வைப்பதும் வடிவமைப்புதான்.

தொகை கேட்கும் திரையில் புரோகிராம்காரர்கள் வழுக்கும் ஒரு இடம் இருக்கிறது. பெரிய நோட்டிலிருந்து கழித்துக்கொண்டே வருவதுதான் எல்லோரும் எழுதும் முறை. 1,300 என்றால் இரண்டு 500, ஒரு 200, ஒரு 100, சரி. 100 தீர்ந்துபோன நேரத்தில் 600 கேட்டால்? ஒரு 500 எடுத்துவிட்டு மிச்சம் 100-க்கு வழியில்லாமல் 'முடியாது' என்று சொல்லிவிடும். மூன்று 200 கொடுத்தால் முடிந்தது. 800-க்கும் இதே கதை, நாலு 200. 500 நோட்டின் எண்ணிக்கையை ஒவ்வொன்றாகக் குறைத்துப் பார்க்கும் ஒரு சின்னச் சுற்று போதும். ஆனால் 300 எப்படியும் வராது. அதைத் தொகை போட்ட பிறகு சொல்லாமல், தொகை கேட்கும் திரையிலேயே 'இப்போது இருப்பவை: 500, 200' என்று போட்டுவிட வேண்டும். காலை நாலு மணிக்கு மீன் ஏலத்துக்குப் போகிறவருக்குச் சில்லறை நோட்டு பெரிய விஷயம். 100 அல்லது 200 நோட்டு ஏ.டி.எம்.களில் கிடைக்க வேண்டும் என்று 2025-ல் ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்கு உத்தரவிட்டது.

"துட்டு வராம கணக்குல கழிச்சிட்டா?" என்று ஒருவர் கேட்டார். அந்தத் திரையை நான் யோசித்திருக்கவே இல்லை. 'பரிவர்த்தனை தோல்வி' என்று இரண்டு சொல் மட்டும் வைத்திருந்தேன். பணம் வந்ததா, கணக்கில் கழிந்ததா, அடுத்து என்ன செய்வது என்று மூன்று வரியாக மாற்றினேன். 2019-ல் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, பணம் வராமல் கழிந்திருந்தால் அந்த நாளுக்குப் பிறகு ஐந்து நாளுக்குள் வங்கி தானே திருப்பிப் போட வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் சேர்த்துத் தர வேண்டும். இதைச் சொன்னதும் அவர்கள் முகத்தில் தெரிந்த தெளிவு எனக்கு மறக்காது. பயமெல்லாம் பட்டன்மேல் இல்லை, இந்த ஒரு கேள்விமேல்தான் இருந்திருக்கிறது.

ஐந்தாவது ஞாயிறு. அந்த அம்மா மாடி ஏறி வரும்போதே கையில் ரசீது. தனியாகப் போய் 1,500 எடுத்திருக்கிறார். "எல்லாம் உன் பொட்டி மாதிரியேதான் இருந்துச்சு. ஒண்ணு மட்டும் உன்கிட்ட இல்ல" என்றார். பத்திலிருந்து தொண்ணூற்றொன்பது வரைக்கும் ஏதாவது ஒரு எண்ணைப் போடு என்று மெஷின் கேட்டதாம். நான் பார்த்த நாலைந்தில் அந்தத் திரை வரவில்லை, எல்லா வங்கி மெஷினிலும் அது கிடையாது. எந்த எண் என்று யாரும் சொல்லித்தரவில்லையே என்று கொஞ்ச நேரம் நின்றிருக்கிறார். பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்களாம். அவர்களிடம் கேட்கவில்லை.

"அப்புறம் இன்னா பண்ணீங்க?"

"என் வயசைப் போட்டேன். அம்பத்தெட்டு. உட்டுடுச்சு."

அன்று ராத்திரியே அந்தத் திரையையும் சேர்த்தேன். அடுத்த வாரம் புதிதாக வந்த ஒரு பெண் அதில் வந்து திகைத்து நின்று, என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது. "எது வேணா போடு, தப்பில்ல. நான் வயசைப் போட்டேன்."